வெள்ளை நூல் கட்டிய படிகாரம்

எனக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் ரயில்வே கேட்டுக்கு மேற்கே, கடைத்தெருவில் இருந்த ஒரு மளிகைக் கடையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்து தொண்ணூறுகளின் கடைசியில் நின்றேன். அந்தப் பதினாறு வருஷத்தில் என் வாயில் அகப்படாத வாடிக்கையாளர் கிடையாது. "எடை சரியா இருக்கா?" என்று யாராவது கேட்டால், "தராசுக்கு உங்க மேல என்ன கோவமா?" என்று திருப்பிக் கேட்பேன். சிரித்தவர்கள் உண்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. போனவர்களும் அடுத்த வாரம் வந்துவிடுவார்கள். எங்கள் கடைத் துவரம் பருப்பில் கல் இருக்காது.

கல் இருக்காததற்குக் காரணமும் நான்தான். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி லாக்-அவுட் ஆகிவிட்டது. இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று அவர் கம்பெனி கேட்டுக்கு எதிரே போய் உட்கார்ந்திருந்தார். நான் புடைக்கிற வேலைக்கு வந்தேன். கடைக்குப் பின்னால் மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில் முறமும் கையுமாக மூன்று பெண்கள் உட்கார்ந்திருப்போம். தூசி மூக்கில் ஏறி நாளெல்லாம் தும்மல். ஒருநாள் பொட்டலம் கட்டுகிறவர் வரவில்லை. அவசரத்துக்கு முன்னால் வந்து நின்றவள், பிறகு பின்னால் போகவே இல்லை.

பொட்டலம் கட்டுவது என்றால் இன்றைக்கு இருக்கிறவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். அப்போது கவர் கிடையாது, லேபிள் கிடையாது. எல்லாம் பழைய பேப்பர்தான். தலைக்கு மேலே ஒரு டப்பா தொங்கும். அதற்குள் நூல் கண்டு. டப்பாவின் அடியில் இருக்கும் ஓட்டை வழியாக நூல் இறங்கி வந்துகொண்டே இருக்கும். பேப்பரைக் கூம்பாகச் சுற்றி, சாமானைக் கொட்டி, வாயை மடித்து, இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, ஒரு சுண்டு. நூலை நான் பல்லால் கடிக்க மாட்டேன். விரலாலேயே அறுத்துவிடுவேன். மாத ஆரம்பத்தில் ஒரு வீட்டு லிஸ்டுக்கு முப்பது நாற்பது பொட்டலம் போகும். எதிலும் எழுதியிருக்காது. வீட்டுக்குப் போய் அமுக்கிப் பார்த்துத்தான் இது சீரகம், இது சோம்பு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு அமுக்கக்கூட வேண்டாம். காதோரம் ஒரு குலுக்கு குலுக்கினால் போதும். எங்கள் முதலாளி ஒருநாள் மொத்த வியாபாரியின் ஆளிடம் பந்தயம் கட்டி, என் கண்ணைத் துண்டால் கட்டிப் பத்துப் பொட்டலம் கையில் கொடுத்தார். பத்தும் சரியாகச் சொன்னேன். பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் யாருக்கும் தெரியும். ரவையையும் கசகசாவையும் பிரித்துச் சொன்னதில்தான் அந்த ஆள் வாயைப் பிளந்துவிட்டார். அன்றிலிருந்து முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க பொண்ணு கை தப்பாது" என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது.

முதலாளி அந்த ஊர்க்காரர். அவர் அப்பா பயிர் வைத்த நிலம் மனை மனையாகப் பிரிந்து வீடுகளாகிவிட்டது. மிச்சம் இருந்ததில் கடையைப் போட்டார். கோபம் வந்தால் கத்துவார், அடுத்த நிமிஷம் டீ வாங்கிக் கொடுப்பார். என் வேலையில் அவர் தலையிடுவதே இல்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. படிகாரப் பொட்டலத்துக்குக் கறுப்பு நூல்தான் கட்ட வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் வெள்ளை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் அமாவாசை என்றால் படிகாரம் பறக்கும். வாசலில் கட்டித் தொங்கவிடுவார்கள். பிள்ளைகளைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். பொரிந்து எழும்புகிற உருவத்தைப் பார்த்து, கண் வைத்தது யார் என்று கண்டுபிடித்துச் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. வாசலில் கட்ட எப்படியும் கறுப்புக் கயிறு வேண்டும். பொட்டல நூலையே எடுத்துக் கட்டிக்கொள்ளட்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், உடைத்த படிகாரமும் கட்டிக் கல்கண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். எடையும் ஒன்றுபோலத்தான். பேப்பருக்குள் போய்விட்டால் கடவுளுக்குக்கூடத் தெரியாது.

எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கடையில் சேர்ந்த நாலாம் வருஷம், தை அமாவாசைக்கு முந்தின நாள், பாதிப் பொட்டலம் கட்டும்போதே கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது. கடைப் பையனை அனுப்பினால் வாங்கி வந்துவிடுவான். ஆனால் கடையில் கூட்டம். "எனக்குத் தெரியாதா என் பொட்டலம்?" என்று மிச்சப் படிகாரத்தை வெள்ளை நூலிலேயே கட்டிவிட்டேன். அமாவாசை முடிந்தது. விற்காமல் நின்ற பொட்டலங்களை மேஜை டிராயரில் ஒரு ஓரமாகப் போட்டேன். அதே டிராயரில் இன்னொரு ஓரத்தில் கல்கண்டுப் பொட்டலங்கள். தை மாதம் விசேஷங்கள் அதிகம் என்பதால் அதையும் முன்கூட்டியே கட்டி வைத்திருந்தேன். டிராயரை இழுக்கும்போது முன்னால் வரும், தள்ளும்போது பின்னால் போகும். ஐந்து நாள் இழுத்துத் தள்ளினால் ஓரம் எது, நடு எது?

ஐந்தாம் நாள் வளர்பிறை முகூர்த்தம். டீச்சரம்மா வந்தார்.

டீச்சரம்மா பக்கத்துத் தெருவில் இருந்தவர். பஞ்சாயத்துப் பள்ளியில் வேலை. கணவர் ரயில்வேயில் இருந்தார், பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். ஒரே மகள். டைப்பிஸ்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், வயது இருபத்தேழு. வரன் வந்து வந்து தட்டிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கூடுவாஞ்சேரிப் பையன் அவளைப் பார்த்து, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டானாம். அன்றைக்கு சாயங்காலம் நிச்சயதார்த்தம். டீச்சரம்மா லிஸ்டை நீட்டும்போதே முகம் மலர்ந்திருந்தது. "கல்கண்டு நல்லதா பார்த்துப் போடும்மா, வாசல்ல தட்டுல வைக்க" என்றார். "என் கடைக் கல்கண்டைத் தின்னுட்டு சம்பந்தி உங்க வீட்டை விட்டே போகமாட்டாங்க, பாருங்க" என்றேன். டிராயரிலிருந்து ஐந்து பொட்டலம் எடுத்துப் பையில் போட்டேன். குலுக்கிப் பார்த்தேனா? பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் நடந்தது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா வாசற்படி ஏறியதும் சந்தனம், குங்குமம் கொடுத்துக் கல்கண்டுத் தட்டை நீட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்ததும் முகம் கோணிவிட்டது. படிகாரம் நாக்கில் பட்டால் எப்படி இழுக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். துப்பிவிட்டு, "இன்னா இது, படிகாரம்!" என்று கத்தியிருக்கிறார். பெண்ணின் அத்தை பதறிப்போய் அதே தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தான் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு அகப்பட்டது கல்கண்டு. அந்த அறிவாளி சும்மா இருந்திருக்கலாம். "நல்லா இனிக்குதே!" என்றாளாம்.

அவ்வளவுதான். "ஒங்களுக்கு கல்கண்டு, எங்களுக்குப் படிகாரமா? பொறுக்கிப் பொறுக்கிக் குடுத்தீங்களா? எங்க கண்ணு கொள்ளிக் கண்ணா? எங்களுக்கே திருஷ்டி கழிக்கிறீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார். வந்தவர்களில் ஒருவர் இது சகுனமே சரியில்லை என்று எடுத்துக் கொடுத்தார். தட்டு மாற்றாமல் எல்லோரும் வேன் ஏறிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து கொஞ்ச நேரத்தில் டீச்சரம்மா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்து நின்றார். அதில் மிச்சக் கல்கண்டும் படிகாரமும் கலந்து கிடந்தன. கூட்டம் இருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுக் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தார்.

முதலாளிக்கு நான் தப்புச் செய்திருப்பேன் என்ற நினைப்பே வரவில்லை. "டீச்சரம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்களும் அமாவாசைக்கு ரெண்டு பொட்டலம் படிகாரம் வாங்கிக்கினு போனீங்களே. வூட்ல அவசரத்துல ரெண்டும் கலந்துகீதோ இன்னாவோ" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். டீச்சரம்மா யோசித்தார். "ஒண்ணு வாசல்ல கட்டினேன். இன்னொண்ணை எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உன்னைத்தான் கேக்கறேன். நீ போட்டதுல தப்பு வந்திருக்குமா?"

"என் கை தப்பாது டீச்சரம்மா" என்றேன். யோசிக்காமல் வந்த சொல். பத்துப் பேர் நிற்கிறார்கள், முதலாளி நிற்கிறார், கண்ணைக் கட்டிப் பத்தும் சொன்னவள் நான். வேறென்ன சொல்வேன்?

டீச்சரம்மா தலையை ஆட்டினார். "அப்ப என் கைதான்" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் இறங்கின பிறகுதான் எனக்கு அந்த வெள்ளை நூல் ஞாபகம் வந்தது. டிராயரை இழுத்து மிச்சமிருந்த பொட்டலங்களைப் பிரித்தேன். முதலாவது கல்கண்டு. இரண்டாவதும் கல்கண்டு. மூன்றாவதை நாக்கில் வைத்தேன். படிகாரம். நிமிர்ந்து பார்த்தேன். டீச்சரம்மா தெருமுனையில் பூக்காரம்மாவைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை. பேப்பரைக் கசக்கிக் காலடியில் போட்டுவிட்டு, அடுத்த ஆளிடம், "உங்களுக்கு என்ன?" என்றேன்.

நாலு நாள். அந்த நாலு நாளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர்களே சமாதானம் ஆகிவிடுவார்கள். ஒரு துண்டு படிகாரத்துக்காக யார் சம்பந்தத்தை முறிப்பார்கள்? சொன்னால் வேலை போய்விடும், வீட்டுக்காரர் கம்பெனி இன்னும் திறக்கவில்லை. வாடிக்கையாளர்களிடம் வழக்கத்தைவிட அதிகமாக எரிந்து விழுந்தேன். ஒரு கிழவர் பெருங்காயம் கேட்டு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் டீச்சரம்மாவின் மகள் வந்தாள். கால் கிலோ ரவை கேட்டாள். கட்டிக்கொண்டே, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன்.

"ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டாங்கக்கா. என் கையே ஆகாத கை, நானே உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்னு சொல்லிட்டே இருக்காங்க. விளக்குகூட ஏத்த மாட்டேங்கறாங்க. அப்பாவுக்கு சோறு பரிமாற மாட்டேங்கறாங்க, நீயே போடுன்னு கரண்டியை என்கிட்ட குடுத்துட்டு உள்ள போயிடறாங்க." அவள் அழவில்லை. டைப் அடிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். "எனக்குக் கல்யாணம் ஆகலன்னாகூடப் பரவாயில்லக்கா. அம்மாவைப் பார்க்க முடியல."

என் கையில் நூல் நின்றுவிட்டது. "உங்கம்மா கை இல்லம்மா. என் கை" என்றேன். டிராயரைத் திறந்து காட்டினேன். வெள்ளை நூலைக் காட்டினேன். அன்றைக்கே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரவைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, "வந்து அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"சொல்றேன். முதல்ல கூடுவாஞ்சேரி அட்ரஸைக் குடு" என்றேன். இதில் என் கோழைத்தனமும் கொஞ்சம் இருந்தது. வெறுங்கையோடு டீச்சரம்மா முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அங்கே ஏதாவது சரிசெய்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு இங்கே போகலாம் என்று நினைத்தேன்.

முதலாளியிடம் சொன்னபோது கல்லாவிலேயே எழுந்து நின்றுவிட்டார். "அடிப்பாவி! ஊரு பூரா உன் கை தப்பாதுன்னு சொல்லிக்கினு கீறேனே!" என்று கத்தினார். அரை மணி நேரம் என்னைப் பார்க்கவே இல்லை. அப்புறம் டீ வந்தது. "போய்ட்டு வா. ஆனா கடை பேர சொல்லாத" என்றார். "பொட்டலம் என்ன வானத்துலேர்ந்தா விழுந்துச்சு? எந்தக் கடைன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றேன். "வாய் மட்டும் கொறையல" என்றார். அவரே தராசில் ஒரு கிலோ கல்கண்டு நிறுத்து என் பையில் வைத்தார்.

செங்கல்பட்டு போகிற வண்டியில் ஏறிக் கூடுவாஞ்சேரியில் இறங்கினேன். வண்டியில் உட்கார்ந்து எப்படிப் பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் ஸ்டேஷனில் இறங்கியதுமே மறந்துபோனது. மார்க்கெட்டைத் தாண்டி வீடு. மாப்பிள்ளையின் அம்மா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் கொட்டை, ஒரு பக்கம் புளி. நான் யார் என்று சொன்னதும் கையில் இருந்த கத்தியைக் கீழே வைக்கவில்லை. "இன்னா, மளிகைக்கடைலேர்ந்து தூது வுட்டாங்களா? சொல்லு, கேக்கறேன்" என்று புளியை உடைத்துக்கொண்டே இருந்தார்.

கறுப்பு நூல் தீர்ந்துபோனதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பையிலிருந்து இரண்டு சின்னப் பொட்டலங்களை எடுத்துத் தரையில் வைத்தேன். "இது ஒண்ணு கல்கண்டு, ஒண்ணு படிகாரம். ரெண்டும் நான் கட்டினதுதான். அன்னிக்கு இப்படித்தான் மாறிப்போச்சு. அவங்க பொறுக்கிக் குடுக்கல அக்கா, அவங்களுக்கே தெரியாது. நீங்களே எடுத்துப் பாருங்க, எது எதுன்னு தெரியுதா?"

அந்த அம்மாள் இரண்டையும் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கை மாற்றி, மறுபடியும் என் முன்னால் வைத்தார். "எனக்கு எதுக்குத் தெரியணும்? எனக்கு இது தொழிலா? நீதான் வருசக் கணக்கா பொட்டலம் கட்றவ. நீ சொல்லு, எது கல்கண்டு? சொல்லிட்டு அதை வாயில போடு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டையும் கையில் எடுத்தேன். அமுக்கினேன். காதோரம் குலுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். பந்தயத்தில் பத்தும் சொன்ன கைதான். கல்கண்டு கொஞ்சம் கணீரென்று கேட்கும், படிகாரம் மந்தமாகக் கேட்கும். நிச்சயமாகத் தெரிந்தது. இடது கையில் இருந்ததைக் காட்டி, "இது" என்றேன். பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்தேன்.

படிகாரம்.

பல்லெல்லாம் கூசிவிட்டது. நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. பாதி படிகாரத்தால், பாதி அவமானத்தால்.  என் முகத்தைப் பார்த்து அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். புளிக் கொட்டையெல்லாம் சிதறும்படி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அய்யய்யோ, அன்னிக்கு எம்மூஞ்சியும் இப்படித்தான் இருந்துச்சா? டேய், தண்ணி எடுத்தாடா அந்தப் பொண்ணுக்கு!" என்றார். உள்ளேயிருந்து சொம்போடு வந்தவர்தான் மாப்பிள்ளை. அதுவரைக்கும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, முதலாளி கொடுத்த கல்கண்டை முன்னால் வைத்ததும் அந்த அம்மாள் சொன்னார்: "கட்டுனவளுக்கே தெரியல. டீச்சருக்கு எப்படித் தெரியும்? சகுனமாவது மண்ணாவது. எங்களைக் கண்ணு போடறவங்கன்னு நெனச்சிட்டாங்களேன்னுதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. இவன் வேற நாலு நாளா சோறு துன்னாம மொறைச்சிக்கினு கீறான். போய் டீச்சர்கிட்ட பங்குனியில நாள் பாக்கச் சொல்லு. கல்யாணத்தன்னிக்கு வாசல்ல நீ வந்து நிக்கணும். தட்டுலேர்ந்து மொதல்ல நீ எடுத்துத் துன்னணும். அப்புறந்தான் நாங்க."

திரும்பி வந்து நேரே டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். வாயில் அந்த இழுப்பு இன்னும் போகவில்லை. டீச்சரம்மா கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். ஐந்து நாளில் முகம் சுருங்கிப்போயிருந்தது. நல்ல செய்தியைத்தான் முதலில் சொன்னேன். கேட்டதும் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். டிராயரை எப்போது திறந்து பார்த்தேன் என்பதை மறைக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மகளுக்குத் தெரியும், மறைக்க முடியாது. சொல்லிவிட்டேன்.

 டீச்சரம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படிகாரம் மாறிப்போச்சு, சரி. யாருக்கும் மாறும். நான் அதுக்காக உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா நான் உன்னை நேரா நின்னு கேட்டேனே. என் கை தப்பாதுன்னு சொன்னியே. அதுக்கப்புறம் தெரிஞ்சும் வரலியே நீ. நாலு நாள் இந்தக் கையால என் பொண்ணைத் தொடக்கூட பயந்துட்டு இருந்தேன்."

  "தப்புதான் டீச்சரம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர், "கல்யாணத்துக்கு வா" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

பங்குனியில் கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டப வாசலில் நான் நின்று, இரண்டு வீட்டாரும் பார்க்க, முதல் கல்கண்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கூடுவாஞ்சேரி அம்மாள் என் கன்னத்தைக் கிள்ளி, "இனிக்குதாடி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரம்மாவும் சிரித்தார், ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வருஷம் கடைக்குக் கணவரைத்தான் அனுப்பினார். பேத்தி பிறந்து பெயர் வைக்கிற புண்ணியாசனத்துக்குச் சாமான் வாங்கத்தான் முதல் தடவையாக அவரே வந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு யார் எது கேட்டாலும் நான் டிராயரில் இருந்து எடுப்பதில்லை, கண் எதிரே நிறுத்துத்தான் கட்டுவேன். அப்படித்தான் கல்கண்டைக் கட்டிக் கொடுத்தேன். டீச்சரம்மா அங்கேயே நின்று நூலை அவிழ்த்தார். ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டார். நிதானமாகக் கடித்து முடித்தார். மறுபடியும் மடித்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கித் திரும்பக் கட்டிக் கொடுத்தேன்.  மற்ற பொட்டலங்களை அவர் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு எப்போது கல்கண்டு வாங்கினாலும் அப்படித்தான். மாதம் ஒருமுறை, இரண்டுமுறை. பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி, பிரிப்பார், வாயில் போடுவார், கடிப்பார். அவர் கடித்து முடிக்கிற வரைக்கும் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு ஒன்றும் புரியாது. ஒருவன், "இன்னாக்கா, அந்தம்மா ஓசில துன்னுது, நீ பாத்துக்கினு நிக்கிறே?" என்று கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். எனக்கு அவர்மேல் கோபம் வந்ததே இல்லை. பொய் சொல்லக்கூடாது, முதல் இரண்டு தடவை வந்தது. பிறகு வரவில்லை.

இப்படியே பத்து வருஷம் ஓடியது. தெரு மாறிவிட்டது. எதிர்க்கடை கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஆனது. நாங்களே எடுத்து கூடையில் போட்டுக்கொள்ளலாம் என்று ஜனங்கள் அங்கே போக ஆரம்பித்தார்கள். எங்கள் முதலாளியும் பிளாஸ்டிக் கவர் வாங்கி வந்து, மெழுகுவத்தியில் காட்டி ஒட்டச் சொன்னார். கவரில் எல்லாம் வெளியே தெரியும். குலுக்கிப் பார்க்க வேலையே இல்லை. டீச்சரம்மாவுக்கு மட்டும் நான் பேப்பரில்தான் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிரிக்கச் சௌகரியம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். அப்போது ரிட்டயர் ஆகி, தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. சாமிக்கு நூறு கிராம் கல்கண்டு கேட்டார். நிறுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் நூலை அவிழ்த்தார். ஒன்றை எடுத்து வாய்க்கருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"நேத்துதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். எதையும் கடிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார். பிறகு அந்தக் கல்கண்டை என் உள்ளங்கையில் வைத்தார். "நீ போட்டுப் பார்த்துச் சொல்லு."

 வாயில் போட்டுக் கடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிக்குது டீச்சரம்மா" என்றேன்.

"சரி" என்றார். பொட்டலத்தை அவரே மடித்து, நான் கட்டுவதற்குக்கூடக் காத்திருக்காமல், அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.